ஜகார்த்தாவுல தண்ணிய 25 வருஷத்துக்கு எழுதிக் குடுத்தாங்க, அங்க இருந்து நான் தெரிஞ்சுக்கிட்டது

தண்ணி சப்ளையைத் தனியாருக்குக் குடுக்கலாமான்னு பேச்சு வந்தா நம்ம ஆளுங்க மொத கேக்கறது "பில்லு எவ்வளவு ஏறும்?" அப்படிங்கறதுதான். கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அதோட நிறுத்திட்டா பெரிய விஷயத்தைக் கோட்டை விட்டுடுவோம்னு எனக்குப் புரிஞ்சது இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவுல. எங்க வீட்டுக்காரருக்கு அங்க டெக்ஸ்டைல்ல வேலை, 2013-ல போனோம், 2019-ல கோயம்புத்தூருக்கே திரும்பிட்டோம். இருந்தது வடக்கு ஜகார்த்தா, சுன்டர் பக்கம், நம்ம இந்தியக் குடும்பங்க நிறைய இருக்கற ஏரியா. அங்க பார்த்தது, அந்த ஊர்க்காரங்க சொன்னது, அப்பறம் ஆர்வத்துல தேடித் தேடிப் படிச்சது எல்லாத்தையும் சேர்த்து எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

1997 ஜூன்ல, அந்த நாட்டு அதிபர் சுகார்த்தோ ஆட்சியோட கடைசி காலத்துல, ஜகார்த்தாவோட குடிதண்ணி சப்ளை மொத்தத்தையும் 25 வருஷத்துக்கு ரெண்டு வெளிநாட்டுக் கம்பெனிங்க கைல குடுத்தாங்க. ஊருக்கு நடுவுல சிலிவுங்னு ஒரு ஆறு ஓடுது, அதையே எல்லையா வெச்சு மேற்குப் பக்கம் பிரான்ஸ் நாட்டு சூயஸ், கிழக்குப் பக்கம் இங்கிலாந்தோட தேம்ஸ் வாட்டர். டெண்டர் கிடையாது. தேம்ஸுக்கு உள்ளூர்க் கூட்டாளி சுகார்த்தோவோட மகன் கம்பெனி, சூயஸுக்குக் கூட்டாளி சுகார்த்தோவுக்கு ரொம்ப வேண்டப்பட்ட சாலிம் குரூப். 1998 பிப்ரவரி 1-ந்தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துச்சு, மே மாசம் ஊரே பத்தி எரிஞ்சுது, 21-ந்தேதி சுகார்த்தோ ராஜினாமா. முப்பது வருஷத்துக்கு மேல ஆண்டவரு போயிட்டாரு, அவரு காலத்துல போட்ட கையெழுத்து போகல. 2001-ல கொஞ்சம் திருத்தி எழுதினாங்க, உள்ளூர்க் கூட்டாளிங்க மாறினாங்க, தேம்ஸ் கம்பெனியே தன் பங்கை வித்துட்டுப் போயிடுச்சு, அந்தப் பக்கம் ஏத்ராங்கற பேர்ல ஓடுச்சு. இவ்வளவு மாறியும் அந்த 25 வருஷம் மட்டும் 2023 ஜனவரி 31 வரைக்கும் அசையாம நின்னுச்சு.

இங்கயே ஒண்ணு சொல்லிடறேன், அதுக்கு முன்னாடி எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு நான் சொல்ல வரல. பாம் ஜாயான்னு நகர அரசாங்கத்தோட தண்ணி நிறுவனம், நம்ம சென்னைல மெட்ரோ வாட்டர் இருக்கற மாதிரி, அவங்க நடத்தினப்ப பாதிக்கு மேல ஜனங்களுக்குக் குழாயே போகல, சுத்திகரிச்ச தண்ணில பாதிக்கு மேல லீக்லயும் திருட்டுலயும் கணக்குல வராம போச்சு. அதனாலதான் "தனியார் வந்தா சரியாயிடும்"னு உலக வங்கி சொன்னப்ப கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு. இன்னைக்கு நம்ம ஊர்லயும் அதே பேச்சுத்தான், மாநகராட்சியால முடியல அதனால கம்பெனி. முடியலங்கறது நிஜமாவே இருக்கலாம், ஆனா அதுக்கு மருந்துன்னு குடுக்கற காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு யாரும் பாக்கறதில்ல.

எங்க வீட்டுக்கு வேலைக்கு வந்த அம்மாவை இபுன்னுதான் கூப்பிடுவோம், அங்க மூத்த பொம்பளைங்களை அப்படித்தான் கூப்பிடணும். அவங்க வீடு முவாரா பாருல, கடலை ஒட்டின மீன்பிடித் துறைமுகம் இருக்கற பகுதி. காலைல வரும்போது சில நாள் ஒரு துணிப்பைல பேத்தியோட ஸ்கூல் சட்டையைச் சுருட்டிக் கொண்டு வருவாங்க, "இங்க அலசிக்கட்டுமா"ன்னு கேப்பாங்க. அங்க ஆரம்பப் பள்ளிக்கு வெள்ளைச் சட்டை, சிவப்புப் பாவாடை. அவங்க வீட்டுக் கிணத்துத் தண்ணில அலசினா அந்த வெள்ளை ரெண்டு மாசத்துல பழுப்பாயிடும், சோப்பு நுரையே வராது, அவ்வளவு உப்பு. பெருநாளுக்குக் கூப்பிட்டாங்கன்னு ஒரு தடவை அவங்க வீட்டுக்குப் போனேன். ஒரே ரூம், அதுல மூணு விதமான தண்ணி. குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் கடைல வாங்கின பெரிய கேன், குளிக்க பாத்திரம் கழுவ ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்முல வண்டிக்காரர் ஊத்திட்டுப் போன தண்ணி, கக்கூஸுக்கும் தரை கழுவவும் உப்புக் கிணத்துத் தண்ணி. அரிசி களைஞ்ச தண்ணிய கீழ ஊத்தாம எடுத்து வெச்சு அதுல தட்டைக் கழுவினாங்க, அதுக்கப்பறம்தான் டிரம் தண்ணில ஒரு அலசு. மருமக டிரம்மைத் திறந்தா இபு ஒரு பார்வை பார்ப்பாங்க, எவ்வளவு மொண்டுக்கறான்னு.

அந்த வண்டி நீளமான கைவண்டி, ஜெரிகேனை வரிசையா நட்டு வெச்சு ஒரு ஆளு இழுத்துட்டு வருவாரு. ரெண்டு கேன், கிட்டத்தட்ட 40 லிட்டர், அப்ப அவங்க தெருவுல 3,000 ரூபியா (அந்த ஊர்க் காசு, நம்ம ரூபாய் இல்ல). கணக்குப் போட்டா ஆயிரம் லிட்டருக்கு 75,000 ரூபியா. குழாய் இணைப்பு இருக்கற ஏழை வீட்டுக்கு அரசாங்கம் வெச்சிருந்த ரேட்டு அதே ஆயிரம் லிட்டருக்கு 1,050 ரூபியா! எழுபது மடங்கு. அதனால பில்லு ஏறிச்சா இறங்குச்சாங்கறது இபுவுக்கு ஒரு பொருட்டே இல்ல, பில்லு வர்றதுக்கு மொதல்ல குழாய் வரணுமே.

சரி, ஏன் வரல? இதைத்தான் நான் ரொம்ப நாள் புரியாம விசாரிச்சுட்டு இருந்தேன். பதில் அந்த ஒப்பந்தம் பணத்தை எப்படிப் பிரிச்சுதுங்கறதுல இருக்கு. ஜனங்க கட்டற பில்லு ஒரு கணக்கு, கம்பெனிக்குப் போற காசு வேற கணக்கு. வித்த தண்ணில ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவுன்னு கம்பெனிக்கு ஒரு ரேட்டு, அது பணவீக்கம், டாலர் மதிப்பு எல்லாத்தையும் வெச்சு தானா ஏறும். ஜனங்க கட்டற ரேட்டை நிர்ணயிக்கறது நகர அரசாங்கம். கல்யாணத்துல சமையல் கான்ட்ராக்ட் இலைக்கு இவ்வளவுன்னு பேசியாச்சுன்னா மொய் எவ்வளவு விழுந்தாலும் கான்ட்ராக்டருக்கு இலைக்கணக்குப்படி எண்ணி வெச்சாகணும், துண்டு விழுந்தா பொண்ணைப் பெத்தவர் தலைல, அந்த மாதிரி. இங்க பொண்ணைப் பெத்தவர் பாம் ஜாயா, அதாவது கடைசில அந்த ஊர் ஜனங்களோட வரிப்பணம்.

இப்ப இதுல ஏழை வீட்டுக்கு ஒரு புது இணைப்பு குடுக்கறாங்கன்னு வெச்சுக்கங்க. அந்த வீட்டுல இருந்து வர்றது 1,050. கம்பெனிக்குக் குடுக்க வேண்டியது அதுக்கு எத்தனையோ மடங்கு. அப்ப ஒவ்வொரு ஏழை வீட்டு இணைப்பும் பாம் ஜாயாவுக்குக் கடன். பணக்கார வீடு, ஹோட்டல், மால், இதுங்களுக்கு ரேட்டு ஆயிரம் லிட்டருக்கு 12,000 ரூபியாவுக்கு மேலயும் இருந்துச்சு, அந்த மாதிரி இணைப்பு இருந்தாத்தான் கணக்கு நேராகும். யாரும் கெட்ட எண்ணத்தோட "ஏழைக்குக் குடுக்காதே"ன்னு உத்தரவு போட வேண்டியதே இல்ல, கணக்கே அந்தப் பக்கம் போக விடாது. எல்லாருக்கும் தண்ணி குடுக்க வேண்டிய அரசு நிறுவனமே ஏழை இணைப்பைப் பார்த்து பயப்படற நிலைமைக்குக் கொண்டு வந்து விட்டதுதான் இந்த ஒப்பந்தம் பண்ணின பெரிய கேடுன்னு நான் நினைக்கறேன், விலை ஏத்தினது ரெண்டாவதுதான்.

விலையும் ஏறிச்சு. ஒப்பந்தம் போட்ட சமயத்துல டாலர் 2,400 ரூபியா பக்கம் இருந்துச்சு, ஆசிய நிதி நெருக்கடில 1998 மத்தில 16,000-ஐத் தாண்டிடுச்சு, கம்பெனி ரேட்டுக்கும் பில்லுக்கும் நடுவுல இருந்த பள்ளம் பெருசாச்சு, அதை அடைக்க 2001-ல 35 சதவீதம், 2003-ல 40, 2004-ல 30ன்னு ஏத்தினாங்க. 2007-க்கு மேல இனி ஏத்தினா ஜனங்க தாங்க மாட்டாங்கன்னு நகர அரசாங்கம் நிறுத்திடுச்சு, பில்லு நின்னுச்சு, கம்பெனி ரேட்டு நிக்கல, பள்ளம் பாம் ஜாயா பேர்ல கடனா ஏறிட்டே போச்சு. அப்படி நிறுத்தியும் சராசரி ரேட்டு ஆயிரம் லிட்டருக்கு 7,000 ரூபியாவுக்குப் பக்கத்துல, அதே நாட்டுல அரசாங்கமே நடத்தற சுரபாயா ஊர் ரேட்டைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. 25 வருஷம் முடியறப்ப கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் குழாய்னு சொன்னது மூணுல ரெண்டு பங்கைக்கூட சரியா எட்டல, லீக்கும் நாப்பது சதவீதத்துக்கு மேலயே இருந்துச்சு.

இன்னொரு பக்கம் நிலத்தடித் தண்ணி. குழாய் வராத இடத்துல ஜனங்க சும்மா இருப்பாங்களா, கிணறு தோண்டினாங்க, பம்ப் போட்டாங்க. வசதியானவங்க ஆழமா போர் போட்டாங்க, ஹோட்டலும் மாலும் அபார்ட்மென்ட்டும் அதைத்தான் பண்ணிச்சு, நாங்க இருந்த கட்டிடத்துலயும் போர் தண்ணிதான் டேங்க்குக்கு ஏறுச்சு. ஜகார்த்தா மண்ணு களிமண்ணு கலந்த வண்டல், உள்ள இருக்கற தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச அப்படியே அமுங்குது. வடக்கு ஜகார்த்தாவுல சில இடம் பத்து வருஷத்துல ரெண்டரை மீட்டர் இறங்கியிருக்கு. முவாரா பாருல கடல் சுவர் ஓரமா நடந்தா அந்தப் பக்கம் கடல் நம்ம நெஞ்சு மட்டத்துக்கு நிக்கும், இந்தப் பக்கம் ரோடு பள்ளத்துல கிடக்கும், சுவருக்கு வெளிய ஒரு பழைய மசூதி பாதி தண்ணிக்குள்ள நிக்குது. கட்டிடங்களோட பாரமும் ஒரு காரணம், எல்லாத்தையும் தண்ணி ஒப்பந்தத்து மேலயே போட முடியாது. ஆனா "போர் போடாதே"ன்னு ஒரு அரசாங்கம் சொல்லணும்னா "இந்தா குழாய்"னு மொதல்ல காட்டணும், அது அவங்க கைல இல்லாம போச்சு. 2019-ல தலைநகரத்தையே போர்னியோ தீவுக்கு மாத்தறோம்னு அறிவிச்சாங்க, மூழ்கற ஊருங்கறதும் அதுக்கு ஒரு காரணம். இபு மாதிரி ஆளுங்க எங்க போவாங்க?

ஜனங்க சும்மாவும் இருக்கல. 2012-ல ஜகார்த்தா குடிமக்கள் கூட்டமைப்பு ஒண்ணு கோர்ட்டுக்குப் போச்சு. 2015 மார்ச்ல கீழ் கோர்ட்டு தண்ணி மனுஷ உரிமை, இந்த ஒப்பந்தம் செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதே வருஷம் பிப்ரவரில அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் தனியாருக்கு வழிவிட்ட 2004 தண்ணி சட்டத்தையே ரத்து பண்ணியிருந்துச்சு. அப்பீல்ல 2016-ல ஜனங்க தோத்தாங்க, 2017 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு மறுபடி ஜனங்க பக்கம், நாங்க எல்லாம் ஜெயிச்சாச்சுன்னு நினைச்சோம், அப்பறம் மத்திய நிதி அமைச்சகமே மறுஆய்வு மனு போட்டு அந்தத் தீர்ப்பையும் கவுத்துடுச்சு. அரசாங்கம் தன் ஜனங்களுக்கு எதிரா கம்பெனி ஒப்பந்தத்தைக் காப்பாத்தப் போகுதுன்னா எதுக்குன்னு யோசிச்சா, பாதில முறிச்சா குடுக்க வேண்டிய நஷ்ட ஈடு பயம், அந்த ஒப்பந்தத்துக்கு அரசாங்கம் குடுத்த உத்தரவாதம். இந்த பயம் வெறும் பேச்சு இல்ல, அர்ஜென்டினாவுல பியூனஸ் ஏரிஸ் ஒப்பந்தம் 2006-ல முறிஞ்சதுக்கு 2015-ல சர்வதேச தீர்ப்பாயம் 40 கோடி டாலருக்கு மேல குடுக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு, குடுக்க வேண்டியது அந்த நாட்டு ஜனங்க. அதனால எந்த ஒப்பந்தம் வந்தாலும் வெளிய வர்றதுக்கு என்ன விலைன்னு கேக்கணும், கையெழுத்துக்கு முன்னாடி கேக்கணும்.

2023 பிப்ரவரி 1-ந்தேதி ஒருவழியா பாம் ஜாயா கைக்கே திரும்ப வந்துச்சு. ஆனா அதுக்கு முந்தின அக்டோபர்லயே, அதாவது 2022-ல, மோயா இந்தோனேசியாங்கற தனியார் கம்பெனியோட தண்ணி சுத்திகரிச்சுக் குடுக்கறதுக்கு இன்னொரு 25 வருஷ ஒப்பந்தம் போட்டுட்டாங்க. இதுல வீட்டுக்குக் கொண்டு சேர்க்கறதும் பில்லு வசூலும் பாம் ஜாயா, உற்பத்தி தனியார். முன்ன மாதிரியே ஆகுமான்னு இப்ப சொல்ல முடியாது, ஆனா கேக்க வேண்டிய கேள்வி அதேதான்: கம்பெனிக்குக் குடுக்கற ரேட்டுக்கும் ஜனங்க கட்டற ரேட்டுக்கும் நடுவுல பள்ளம் விழுந்தா யாரு அடைக்கறது?

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். 2018 பிப்ரவரில கோயம்புத்தூர் மாநகராட்சி 24 மணி நேர குடிதண்ணிக்கு 26 வருஷ ஒப்பந்தம் போட்டுச்சே, அது அதே சூயஸ் கம்பெனியோடதான், மதிப்பு மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல. அப்ப எதிர்ப்பு வந்தப்ப மாநகராட்சி குடுத்த விளக்கம், "கட்டணத்தை நிர்ணயிக்கறது மாநகராட்சிதான், கம்பெனி இல்ல" அப்படிங்கறது. நிறைய பேருக்கு அது நிம்மதியா இருந்துச்சு. ஜகார்த்தாவுல இருந்துட்டு அதைப் படிச்ச எனக்கு நிம்மதி வரல, ஏன்னா அங்கயும் கட்டணத்தை நிர்ணயிச்சது நகர அரசாங்கம்தான். ஜகார்த்தா மாதிரியே இங்கயும் ஆகும்னு நான் சொல்லல, ரெண்டு ஒப்பந்தமும் வேற வேற. ஆனா "கட்டணம் எங்க கைல"ங்கற ஒரு வரி நமக்கு எந்தப் பாதுகாப்பும் தராதுங்கறதை மட்டும் கண்ணால பார்த்துட்டு வந்து சொல்றேன்.

அதனால உங்க ஊர்ல இந்த மாதிரி திட்டம் வந்தா, இல்ல ஏற்கனவே வந்திருந்தா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, பத்து ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் தரணும். "திட்டம் பத்தித் தகவல் வேணும்"னு பொதுவா எழுதினா விளம்பர நோட்டீஸ் மாதிரி ஒரு பதில் வரும். ஒப்பந்த நகல், இணைப்புகள் அட்டவணைகள் எல்லாத்தோடயும்னு கேளுங்க, முக்கியமான விஷயம் எல்லாம் அட்டவணைலதான் இருக்கும். கம்பெனிக்கு எந்தக் கணக்குல காசு போகுது, வித்த தண்ணிக்கா, வீட்டு இணைப்புக்கா, இல்ல வருஷத்துக்கு இவ்வளவுன்னா, அந்த ரேட்டு எதை வெச்சு ஏறும், போன வருஷம் கம்பெனிக்குக் குடுத்தது எவ்வளவு, தண்ணிக் கட்டணமா வசூலானது எவ்வளவு, இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல கேளுங்க. வணிக ரகசியம்னு 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்கலாம், அதே பிரிவுல பெரிய பொதுநலன் இருந்தா தரணும்னும் இருக்கு, பதில் வந்து 30 நாளுக்குள்ள மொதல் மேல்முறையீடு போட்டுடுங்க, நிறைய பேர் அந்த மறுப்புக் கடிதத்தோட விட்டுடறாங்க. ஜகார்த்தா ஜனங்களுக்கு அந்த ஒப்பந்தக் காகிதத்தைக் கண்ணால பாக்கறதுக்கே வருஷக்கணக்கா போராட வேண்டியிருந்துச்சு.

புது மீட்டர் மாட்டினா மாட்டின அன்னைக்கே ரீடிங் தெரியற மாதிரி போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, பழைய மீட்டரோட கடைசி ரீடிங்கும். அப்பறம் மாசா மாசம் ஒரே தேதில எடுங்க. லீக் பார்க்க ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு ரீடிங் பார்த்து காலைல மறுபடி பாருங்க, ஓடியிருந்தா வீட்டுக்குள்ள எங்கயோ ஒழுகுது, அதைச் சரி பண்ணிட்டுத்தான் பில்லைப் பத்திப் புகார் குடுக்கணும், இல்லேன்னா நம்ம பக்கம் பேச்சு நிக்காது.

சொந்த வீடு, மீட்டர், பில்லு இதையெல்லாம் தாண்டி உங்க வார்டுல இருக்கற தெருக்குழாயை எண்ணி வைங்க. எந்தத் தெருவுல, எத்தனை குடும்பம் அதுல பிடிக்குது, எத்தனை மணிக்குத் தண்ணி வருது. திட்டம் வந்தா "எல்லாருக்கும் வீட்டு இணைப்பு குடுக்கறோம், தெருக்குழாய் தேவையில்ல"ன்னு சொல்வாங்க, பட்டா இல்லாத வீடு, வாடகை வீடு, புறம்போக்குல இருக்கற வீடு இதுங்களுக்கு இணைப்பு குடுக்க ஒப்பந்தத்துல வழி இருக்கான்னு கேளுங்க, டெபாசிட் யாரு கட்டறதுன்னும் கேளுங்க. முவாரா பாருல நிறைய வீட்டுக்குக் குழாய் போகாததுக்கு நிலப் பத்திரம் இல்லாததும் ஒரு சாக்கா இருந்துச்சு. வீட்டு இணைப்புல தண்ணி வர்ற வரைக்கும் தெருக்குழாயை எடுக்கக் கூடாதுன்னு ஏரியா சபைக் கூட்டத்துல எழுத்துல குடுத்து, தீர்மானப் புத்தகத்துல ஏத்தச் சொல்லி, அதோட நகலையும் கைல வாங்கிட்டு வாங்க.